ரவுட்டருக்கும் பாடு உண்டு!

பழவேற்காடு ஏரியில் வலை போடுபவர்களுக்குப் 'பாடு' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் மீன்பிடி இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, முறை வைத்துத் தொழில் செய்கிறார்கள். ஒரே இடத்தை ஒரே நாளில் இரண்டு குழுக்களுக்குக் கொடுத்தால் தகராறுதான். வீட்டு ரவுட்டரிலும் இதே தகராறு வருவதுண்டு.

பின்கட்டில் வை-ஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி மாட்டுகிறோம். உடனே இன்டர்நெட் நின்றுவிடுகிறது. ரவுட்டர் பழுது என்று முடிவு கட்டும் முன் சப்நெட்டைப் பாருங்கள்.

192.168.1.10 என்பது ஒரு ஐ.பி. முகவரி. கூடவே 255.255.255.0 என்று ஒரு சப்நெட் மாஸ்க் இருக்கும். மாஸ்க்கில் 255 உள்ள இடங்கள் நெட்வொர்க்கைக் குறிக்கும். 0 உள்ள இடம் அதிலுள்ள கம்ப்யூட்டரைக் குறிக்கும். ஆக, இந்தக் கம்ப்யூட்டரின் சப்நெட் முகவரி 192.168.1.0. முதல் எண்ணான 0, கடைசி எண்ணான 255 இரண்டும் போக, 254 முகவரிகளைப் பயன்படுத்தலாம்.

ரவுட்டரின் ஒரு பக்கத்துக்கு முகவரியும் மாஸ்க்கும் கொடுத்து, இணைப்பு வேலை செய்யத் தொடங்கியதும், 'இந்த சப்நெட் இந்தப் பக்கம்' என்று அது தன் ரவுட்டிங் டேபிளில் தானாகவே எழுதிக்கொள்ளும். இதுதான் நேரடி இணைப்பு வழி. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாத முகவரிகளை எல்லாம் கேட்வே எனப்படும் வாசலுக்கு அனுப்பிவிடும்.

192.168 என்று தொடங்கும் முகவரிகள் யாரும் தங்கள் வீட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என 1996-ல் வகுக்கப்பட்ட விதியில் உள்ளது. அதனால் பல ரவுட்டர்கள் 192.168.1.1 என்ற முகவரியுடனேயே கடைக்கு வருகின்றன. இரண்டையும் இணைத்தால், இரண்டாவது ரவுட்டரின் இரு பக்கமும் ஒரே சப்நெட் ஆகிவிடும். அதன் வாசலும் 192.168.1.1, அதன் சொந்த முகவரியும் 192.168.1.1. பிறகு எப்படி வெளியே அனுப்பும்? சில மாடல்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமே மாற்றிக்கொள்ளும். எல்லாம் அப்படியில்லை.

தீர்வு எளிது. முதல் ரவுட்டருடன் இணைக்கும் முன்பே, இரண்டாவதன் செட்டிங்ஸில் லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிவிடுங்கள். மாஸ்க் அப்படியே இருக்கட்டும். செலவு ஒரு பைசாகூட இல்லை.

என் கருத்து இதுதான்: இணைப்பு கொடுக்க வரும் டெக்னீசியன், ரவுட்டரின் ஐ.பி. முகவரி, சப்நெட் மாஸ்க் இரண்டையும் எழுதி ஒட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பெட்டிக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருப்பது கம்பெனி வைத்த முகவரி. பின்னர் மாற்றியிருந்தால் அது உதவாது. "வீட்டில் உள்ளவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போக வேண்டிய வீட்டில், ஒரு எண்ணை மாற்றுவதற்காகப் பொன்னேரிக்கு ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு அலைவது நியாயமா?

டெக்னீசியன் எழுதித் தராவிட்டால் நீங்களே எழுதலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். சப்நெட் மாஸ்க்கும் டீஃபால்ட் கேட்வேயும் திரையில் வரும். அந்த இரண்டையும் இன்றே குறித்து வையுங்கள்.