குறைமாதக் குழந்தைகள்: உயிர் காத்த பின்னரும் கடமை உண்டு

கர்ப்பத்தின் 28 ஆவது வாரத்துக்கு முன்னரே பிறக்கும் சிசுக்களையும் காப்பாற்றும் அளவுக்கு மருத்துவம் வளர்ந்துவிட்டது. ஆயினும், வைத்தியசாலையை விட்டு வெளியேறுவதோடு கவலை தீர்ந்துவிடுவதில்லை.

சுவீடனில் 1973 முதல் 2013 வரை பிறந்த 40 இலட்சத்துக்கும் அதிகமானோரை ஆராய்ந்து 2021 இல் வெளியான ஆய்வு, நிறைமாதத்தில் பிறந்தோரில் 1.4 வீதமானோரிடமும், 22 முதல் 27 வாரங்களில் பிறந்தோரில் 6.1 வீதமானோரிடமும் ஓட்டிசம் கண்டறியப்பட்டதாகக் கூறுகின்றது. நான்கு மடங்குக்கும் மேலான இவ்வேறுபாட்டை அலட்சியப்படுத்த முடியாது. அதேவேளை, மிகக் குறைமாதத்தில் பிறந்தோரிலும் நூற்றுக்குச் சுமார் 94 பேரிடம் அது கண்டறியப்படவில்லை என்பதையும் பெற்றோர் மறந்துவிடலாகாது.

தாயின் மீது பழி சுமத்துவதும், 'வளர வளரச் சரியாகிவிடும்' எனக் காலங்கடத்துவதும் பிள்ளைக்கே பாதகமானவை. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, முகம் பார்த்துச் சிரியாமை, விரும்பியதைச் சுட்டிக்காட்டாமை ஆகிய அறிகுறிகள் இரண்டு வயதுக்குள்ளேயே தென்படக்கூடும். எவ்வளவு விரைவில் இனங்காண்கின்றோமோ அவ்வளவுக்குப் பயிற்சி பயனளிக்கும்.

நமது நாட்டில் குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு தேடி வந்து குழந்தையின் நிறையைப் பதிவு செய்கின்றனர். அதே அக்கறை, குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் பேச்சிலும் பழக்கத்திலும் பாடசாலை செல்லும் வயதுவரை தொடர வேண்டும். பேச்சுப் பயிற்சி தாய்மொழியிலேயே கிடைக்கவும் வேண்டும். உயிரைக் காத்த கரங்கள் பாதிவழியில் விலகிவிடலாகாது என்பதையே சுகாதாரத் துறையினரிடம் நாம் வலியுறுத்துகின்றோம்.