காய்ச்சலும் எல்லைக்கோடும்

ஐப்பசி பிறந்துவிட்டது. பழவேற்காட்டு ஏரியைக் கடந்து ஈரக்காற்று தடாவினுள் வீசத் தொடங்கிவிட்டது. மழையோடு இருமலும் தும்மலும் உடல்வலியும் நம் இல்லங்களுக்குள் நுழைவது ஆண்டுதோறும் நாம் காண்பதே. இந்திய நகரங்கள் பலவற்றில் நடந்த ஆராய்ச்சியும் இதனை உறுதி செய்கின்றது. தில்லி, கல்கத்தா, புனே ஆகிய நகரங்களில் ஃப்ளூ காய்ச்சல் ஜூலை முதல் செப்டம்பர் வரை மிகுகின்றது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச்சு வரை மிகுகின்றது. சென்னையிலும் வேலூரிலுமோ அக்டோபர், நவம்பர் திங்கள்களில் உச்சமடைகின்றது. நம் தடாவும் அந்த வடகிழக்குப் பருவமழைக்கு உட்பட்ட ஊரே.

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், அன்பர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். “கொரோனா என்று சொல்லி ஊரையே அடைத்தார்களே, முடிவில் நம் பக்கத்தில் எத்தனை பேர் மாண்டார்கள்? ஆண்டுதோறும் வரும் ஃப்ளூவைப் போன்றதுதானே அதுவும்? வீணாக நம் பிழைப்பைக் கெடுத்தார்கள்” என்றார் அவர். அருகே அமர்ந்திருந்த மற்றோர் அன்பர் மறுமொழி கூறவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து சென்றார். 2020-ஆம் ஆண்டு அவருடைய அன்னையார் கும்மிடிப்பூண்டியில் காலமானார். ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையும் தொலைவுதான். ஆயினும் எல்லையைக் கடக்க இசைவு கிட்டாமையால், மூத்த மகனாகிய அவர் கொள்ளி வைக்கச் செல்ல இயலவில்லை. அன்று ஊரை அடைத்தது வீண் என்றால், அவர் பட்ட துயரமும் வீண் என்றன்றோ ஆகின்றது! ஆகவே, இவ்வினாவை இத்திங்கள் ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையெனக் கருதினோம்.

முதற்கண், ஃப்ளூ என்பது எளிய நோயன்று. உலகெங்கும் ஆண்டொன்றுக்கு 2 இலட்சத்து 90 ஆயிரம் முதல் 6 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வரை அதனால் மடிகின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. 1918-இல் பரவிய ஃப்ளூ இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அப்போதும் நாடு முழுவதும் ஒரே அளவாக அழிவு நேரவில்லை. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணம் பட்டது குறைவே.

1957-இல் வந்த ‘ஆசிய ஃப்ளூ’வோ நம்மோடு நெருங்கிய தொடர்புடையது. அவ்வாண்டு மே 16-ஆம் நாள் நோயாளிகளோடு சென்னைத் துறைமுகத்தை அடைந்த கப்பலொன்றின் வழியே அந்நோய் இந்தியாவினுள் புகுந்தது. 12 வாரங்களில் நாடு முழுவதும் பரவியது. 1958 பிப்ரவரி வரை பதிவான நோயாளிகள் 44 இலட்சத்து 51 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். பதிவான இறப்புகள் 1,098. அஃதாவது, ஏறத்தாழ நாலாயிரம் பேருக்கு ஒருவர் இறந்தார். கொரோனாவிலோ, இந்தியாவில் பதிவான நாலரைக் கோடி நோயாளிகளுள் 5 இலட்சத்து 33 ஆயிரம் பேர் மாண்டனர். ஏறத்தாழ எண்பத்தைந்து பேருக்கு ஒருவர். நோயுற்றும் பதிவாகாதவர் இரண்டு காலத்திலும் பலர் என்பதால் இவ்விரு கணக்கையும் அப்படியே தராசில் நிறுத்தல் பொருந்தாது. ஆயினும் இரண்டும் ஒன்றே எனல் இயலாது என்பதற்கு இவ்வேறுபாடே போதும்.

இனி, இடைவெளியின் பயனைக் காண்போம். ஃப்ளூ கண்ட பத்துப் பேர், தடுப்பு ஏதுமின்றேல், அடுத்த சுற்றில் ஏறத்தாழ பதின்மூவருக்கு அதனை வழங்குவர். கொரோனாவின் முதல் வடிவம் கண்ட பத்துப் பேரோ இருபத்தைந்து முதல் முப்பது பேருக்கு வழங்குவர். மக்கள் தம்முள் நெருங்கிப் பழகுவதைப் பாதியாகக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். ஃப்ளூ பத்திலிருந்து ஆறு ஏழாகவும், பின்னர் நான்காகவும் தேய்ந்து அவிந்துவிடும். கொரோனா அவியாது, பத்து பன்னிரண்டாகி, பன்னிரண்டு பதினைந்தாகி மெல்ல வளர்ந்துகொண்டேயிருக்கும். அவ்வாறாயின் பயன் என்னை? ஐந்து சுற்று கழிந்தபின் பாருங்கள். தடுப்பின்றி விட்டால் பத்துப் பேர் ஏறத்தாழ ஆயிரம் பேராவர். பாதியாகக் குறைத்தால் முப்பது பேரே ஆவர். ஆயிரம் பேருக்குப் படுக்கை இல்லாத மருத்துவமனையில் முப்பது பேருக்குப் படுக்கை உண்டு.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. மக்கள் வீட்டில் தங்கி, முகக்கவசம் அணிந்து, பயணங்களைத் தவிர்த்த 2020, 2021-ஆம் ஆண்டுகளில் உலகின் பல நாடுகளில் ஃப்ளூ காணப்படாத அளவுக்கு அருகிவிட்டது. அதன் வகைகளுள் ஒன்றான ‘பி யமகாட்டா’ என்பது 2020 மார்ச்சுக்குப் பின்னர் உறுதியாக எங்கும் கண்டறியப்படவில்லை. அதனைத் தடுப்பூசியில் இனிச் சேர்க்க வேண்டியதில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர்கள் 2023-இல் கூறிவிட்டனர். அதே கட்டுப்பாடுகளுக்கு நடுவேதான் கொரோனா இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. ஒரே நீர் ஒரு நெருப்பை அவித்தது. மற்றொன்றை அடக்கி வைக்க மட்டுமே இயன்றது. எந்த நெருப்பு பெரிது என்பதை அன்பர்களே தெளியலாம்.

நம் இரு மாநிலங்களையும் பற்றியே ஓர் ஆராய்ச்சி உண்டு. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 84,965 நோயாளிகளையும், அவர்களோடு பழகிய 5 இலட்சத்து 75 ஆயிரம் பேரையும் பின்தொடர்ந்து செய்யப்பட்ட அவ்வாராய்ச்சி 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. நோயாளிகளுள் நூற்றுக்கு எழுபத்தொருவர் தம்மோடு பழகியவருள் ஒருவருக்கும் நோயைத் தரவில்லை என்றும், எஞ்சிய சிலரே பலருக்குத் தந்தனர் என்றும் அது காட்டியது. நெருங்கிப் பழகியோருள் நூற்றுக்குப் பத்துப் பதினொருவர் நோயுற்றனர். அவ்வளவு நெருங்காதோருள் ஐவருக்கும் குறைவானவரே நோயுற்றனர். நோயாளியோடு ஒரே வண்டியில் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ நெருங்கி அமர்ந்து பயணம் செய்தோருள் நூற்றுக்கு எழுபத்தொன்பதின்மர் நோயுற்றனர். பண்டிகைக்கு ஊர் செல்ல வேனில் நெருக்கியடித்து அமரும் நம்மனோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

“நம் பக்கத்தில் எத்தனை பேர் மாண்டார்கள்?” என்ற கேள்வி எஞ்சியுள்ளது. அரசுக் கணக்கின்படி ஆந்திரத்தில் ஏறத்தாழ 23 இலட்சத்து 40 ஆயிரம் நோயாளிகளும் 14,700-க்கு மேற்பட்ட இறப்புகளும் பதிவாயின. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 36 இலட்சம் நோயாளிகள். 38 ஆயிரத்துக்கு மேற்பட்ட இறப்புகள். ஆயிரத்துக்கு இங்கே ஆறு, அங்கே பத்து. ஆரம்பாக்கத்தைத் தாண்டியவுடன் கிருமி தன் இயல்பை மாற்றிக்கொண்டதோ? இல்லை. எத்தனை பேரைச் சோதித்தனர், நோயுற்றோருள் முதியவர் எத்தனை பேர், வீட்டில் நேர்ந்த இறப்புகளுள் எத்தனை கணக்கில் ஏறின என்பவற்றைப் பொறுத்து இவ்வெண்கள் மாறும். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்துக்கு மிகையாக நேர்ந்த இறப்புகள் 47 இலட்சம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டது. அம்முறை பிழையென்று இந்திய அரசு மறுத்தது. அரசு ஏட்டில் அவ்விரு ஆண்டுகளுக்கும் உள்ள எண் 5 இலட்சத்தினும் குறைவு. எண்கள் இவ்வளவு வேறுபடும்போது, சிறிய எண்ணைக் காட்டி நோயையே சிறிதென்று முடிவு கட்டுதல் அறிவுடைமையாகாது. 2021 மே 10-ஆம் நாள் திருப்பதி அரசு மருத்துவமனையில் உயிர்வளி வரத்துத் தடைப்பட்டுப் பதினொரு நோயாளிகள் மாண்டதை நாம் மறந்துவிடலாமா?

இவ்வாறு கூறுவதனால், அன்று செய்தவையெல்லாம் சரியென்று நாம் வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. 2020 ஏப்ரல் இறுதியில் வேலூர், சித்தூர் மாவட்டங்களை இணைக்கும் சாலைகள் இரண்டின் குறுக்கே சுவரே எழுப்பப்பட்டது. எதிர்ப்பு எழவே விரைவில் அகற்றப்பட்டது. ஆந்திரத்தின் முதல் நோயாளி இத்தாலியிலிருந்து நெல்லூர் திரும்பிய மாணவர். தமிழ்நாட்டின் முதல் நோயாளி ஓமனிலிருந்து காஞ்சிபுரம் திரும்பியவர். வானூர்தியில் வந்த நோயைச் செங்கற்சுவரா தடுக்கும்? மேலும், தனியறை உடையவருக்கு இடைவெளி எளிது. ஓரறையில் அறுவர் தங்கி ஆலைக்குச் செல்லும் நம் இளைஞருக்கு அது எங்ஙனம் எளிதாகும்? ‘சமூக விலகல்’ என்ற சொல்லும் தீண்டாமையை நினைவூட்டி நம் செவியைச் சுட்டது. உடலளவில் விலகியிருத்தலே வேண்டுவது என்று உலக நலவாழ்வு நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே தன் சொல்லை மாற்றிக்கொண்டது. நான்கு பேர் விலகி நின்று, ஒரு மகன் தாய்க்குக் கொள்ளி வைக்க இடமளித்திருந்தால் நோய் பெருகியிராது என்பதே நம் எண்ணம்.

ஆகவே நம் முடிவு இது: இடைவெளி வீண்போகவில்லை, அதன் சுமைதான் எல்லோர்மீதும் ஒப்ப ஏற்றப்படவில்லை. இம்மழைக்காலத்தில் அந்தச் சுமையை நாமே பகிர்ந்துகொள்ளலாம். காய்ச்சல் கண்டவர் வேலைக்கும் பள்ளிக்கும் செல்லாது வீட்டிலிருக்க. கடையும் பட்டறையும் நடத்தும் அன்பர்கள் அந்நாள்களுக்குக் கூலி பிடிக்காதிருக்க. முதியோரும் கருவுற்றோரும் ஃப்ளூ தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டறிக. அறையில் தனித்துக் கிடக்கும் இளைஞர் எவரேனும் இருப்பின் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். மூன்று வேளைக் கஞ்சி வாயிலுக்கு வந்து சேரும்.

வினாவெழுப்பிய அன்பர் மறுநாளே மற்றவர் இல்லம் சென்று நெடுநேரம் பேசியிருந்து வந்தார் என அறிகிறோம். அடுத்த கூட்டத்தில் இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து தேநீர் அருந்துவர் என்று நம்புகிறோம்.