பர்கர் கடை நீதிபதிகள்

பந்திங்கில் எங்கள் தாமான் முனையில் ஒரு பர்கர் ஒட்டுக்கடை இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு வண்டி, ஓர் இரும்புக்கல், ஒரு கேஸ் தோங், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைக்காரர் மலாய்க்காரர். நான் அவரை 'பாங்' என்பேன். அவர் என்னை 'அனே' என்பார். நம்முடைய அண்ணேதான், அவர் வாயில் கொஞ்சம் தேய்ந்துவிட்டது.

இந்தக் கடையைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி. கோல லங்காட்டிலேயே இதுதான் முதல்தரம் என்று ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள் ஒரு பக்கம். நாற்பது நிமிடம் நின்றேன், ரொட்டி கருகிவிட்டது, முகத்தைச் சுளிக்கிறார் என்று ஒரு நட்சத்திரம் போடுகிறவர்கள் மறுபக்கம். போன மாதம் எங்கள் புலனக் குழுவில் கவிதை எழுதும் தம்பி ஒருவர் தீர்ப்பே வழங்கிவிட்டார்: "இனிமே யாரும் அந்தக் கடைக்குப் போகாதீங்க." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அவர்களில் நாலைந்து பேர் அந்தக் கல்லின் சூட்டைக்கூட உணர்ந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு கட்சியும் பொய் சொல்லவில்லை. மாலை ஆறரைக்குப் போனால் பாங் நிதானமாக இருப்பார். மார்ஜரின் தடவி, இறைச்சி வில்லையைப் போட்டு, மிளகுத்தூள் தூவி, முட்டையைக் கல்லில் மெல்லிசாகப் பரப்பி, நடுவில் வில்லையை வைத்து நான்கு பக்கமும் மடிப்பார். ஞாயிறு இரவு எட்டரைக்குப் போய்ப் பாருங்கள். மோரிப் கடற்கரையிலிருந்து திரும்புகிற காடிகள் எல்லாம் அங்கேதான் நிற்கும். ஒரே கல்லில் பத்து வில்லைகளைப் போட்டால் கல்லின் சூடு இறங்கும், ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஓரத்தில் இருக்கும் ரொட்டி கருகும். ஆறரை மணி பர்கரும் எட்டரை மணி பர்கரும் ஒன்றாக இருக்க அவர் என்ன இயந்திரமா?

இயந்திரம் வேண்டுமென்றால் அதற்கென்று கடைகள் இருக்கின்றன. 1982-இல் மெக்டோனல்ட்ஸ் தன் முதல் மலேசியக் கடையை ஜாலான் புக்கிட் பிந்தாங்கில் திறந்தது. அது விற்பது பர்கரை மட்டுமல்ல, எங்கே தின்றாலும் ஒரே ருசி என்ற உத்தரவாதத்தையும்தான். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1979-இல், ரம்லி மொக்னி கோலாலம்பூரில் ஒரு சின்ன ஒட்டுக்கடையில் ரம்லி பர்கரைத் தொடங்கிவிட்டார். இன்று நாடு முழுக்க எத்தனையோ ஒட்டுக்கடைகளுக்கு வில்லை அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான் போகிறது. வில்லை ஒன்று, கை வேறு. அதனால்தான் நம் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு 'நம்ம பர்கர் கடை' இருக்கிறது. கையைத் தேடிப் போய்விட்டு, அது கையாக இருக்கிறதே என்று புகார் சொல்வது என்ன நியாயம்?

"காசு கொடுக்கிறோம், கேட்க உரிமை இல்லையா?" என்று தம்பி கேட்டார். இருக்கிறது. வில்லை உள்ளே வேகவில்லையா, கோஸ் வாடிப்போயிருக்கிறதா, கேளுங்கள். நேரில் கேளுங்கள். "பாங், இது வேகலை" என்றால் அவர் அப்போதே வேறொன்று போட்டுத் தருவார், எனக்கே தந்திருக்கிறார். நேரில் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தபடி போனில் ஒரு நட்சத்திரம் அழுத்துவதற்குப் பெயர் உரிமை இல்லை, கோழைத்தனம். பெரிய நிறுவனத்துக்குப் புகாரைப் படிக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. பாங்குக்கு யார் இருக்கிறார்கள்?

இதுவரை சொன்னது எல்லாம் சின்ன விஷயம். எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். நட்சத்திரம் போடுகிற இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தை மட்டும் எழுதுவதே இல்லை: கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் யார் என்பதை.

என் அம்மா மாட்டிறைச்சி சாப்பிடாதவர். டாகிங்கும் ஆயாமும் ஒரே கல்லில் வேகிற கடை என்பதால் பல வருடம் அந்தப் பக்கமே வரமாட்டார். ஒருநாள் என்னோடு வந்தவர் வண்டிக்கு அருகில் வராமல் தள்ளியே நின்றார். பாங் அவரை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கல்லின் ஒரு பாதியைச் சுரண்டித் துடைத்து, வேறு கரண்டி எடுத்து, கோழி வில்லையை அங்கே போட்டார். அம்மா அன்று முழு பர்கரையும் சாப்பிட்டார். இதற்கு எத்தனை நட்சத்திரம்? யாரும் போடவில்லை. நானும் போடவில்லை.

நான் போட்ட ஐந்து நட்சத்திரத்தின் கதை வேறு. ஒரு சனிக்கிழமை இரவு, எனக்கு முன்னால் ஒரு வங்காளதேசத் தொழிலாளி நின்றுகொண்டிருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ், சட்டையில் செம்பனைத் தோட்டத்துச் சேறு. பாங் அவரைத் தாண்டி என்னைப் பார்த்தார். "அனே, வழக்கம்போலவா?" நான் தலையாட்டினேன். பத்து நிமிடத்தில் பர்கர் கையில். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் அங்கேயே, கையில் பத்து வெள்ளித் தாளோடு நின்றார். வீட்டுக்கு வந்து எழுதினேன்: சுடச்சுட, சீக்கிரம், அருமையான கவனிப்பு.

அந்தச் 'சீக்கிரம்' யாருடைய நேரம்? அவருடையது. என் ஐந்து நட்சத்திரமும் அவர் எழுதாத ஒரு நட்சத்திரமும் ஒரே இரவில், ஒரே கல்லிலிருந்து வந்தவை. அம்மாவுக்காகக் கல்லைத் துடைத்த அதே கைதான் அவரைக் காக்க வைத்தது. நான் தலையாட்டாமல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோரின் தலைமையில் நம் தாத்தாக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. அரசாங்கம் ராணுவத்தை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தச் சைக்கிளின் கதையை ஒவ்வொரு இலக்கியக் கூட்டத்திலும் பெருமையாகச் சொல்கிறோம். இன்று அதே தோட்டங்களில் வேலை செய்கிறவர் வரிசையில் நமக்கு முன்னால் நின்றால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

புத்தகத்துக்கும் நாம் இதைத்தான் செய்கிறோம். 'அருமை', 'குப்பை' என்று இரண்டு முத்திரைகள். எங்கே நின்று படித்தேன், யாருடைய இடத்தில் நின்றேன் என்று ஒரு வரி கிடையாது. அதை எழுதத் தெரியாதவர் நாவலைப் பற்றி எழுதினாலும் பர்கரைப் பற்றி எழுதினாலும் அது விமர்சனம் ஆகாது.

என் ஐந்து நட்சத்திரத்தை அழித்துவிட்டேன். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று தெரியும். அடுத்த சனிக்கிழமையும் போனேன். வரிசையில் வேறொரு தொழிலாளி. பாங் என்னைப் பார்த்து வாயைத் திறக்குமுன் சொன்னேன், "பாங், அவருதான் முன்னாடி வந்தாரு."

பாங் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பார்த்து, "டாகிங்கா, ஆயாமா?" என்று கேட்டார். அன்று எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. ரொட்டி கொஞ்சம் கருகியும் இருந்தது.