பிறவிக் குறையும் பரம்பரைக் குறையும்

பிறக்கும்போதே உள்ள குறையையும் பெற்றோர் வழியாக வரும் குறையையும் ‘பிறவிக் குறை’ என்னும் ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிடும் வழக்கம் எம்போன்றோரிடையே உண்டு. யானும் அவ்வாறு பலமுறை எழுதியிருக்கிறேன். சொற்பிழைதானே என்று இதனைத் தள்ளிவிட இயலாது. பிறந்த குழந்தைக்குச் செவி நன்கு கேட்கிறதென்று ஒருமுறை ஏட்டிற் பதிவாகிவிட்டால், பரம்பரைச் செவிடு அதற்கு வாராதென்றே முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆல்போர்ட் நோயை நோக்குக. ஒரே குடும்பத்தில் சிறுநீரகக் கோளாறும் செவிடும் சேர்ந்து வருவதை 1927-இல் விவரித்த செசில் ஆல்போர்ட் என்னும் மருத்துவரின் பெயரால் இது வழங்குகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்விலும் உட்செவியிலும் உள்ள ஒருவகைக் கொலாஜன் புரதம் செவ்வனே அமையாமையே இதற்குக் காரணம். பெரும்பாலும் எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால், ஆண்பிள்ளைகளே மிகுதியும் துன்புறுகின்றனர்.

இச்சிறுவர்கள் பிறக்கும்பொழுது நன்கு கேட்கின்றனர். பிள்ளைப்பருவத்தின் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோதான், இரு செவிகளிலும் ஒருசேர, முதலில் உச்ச சுருதி ஒலிகள் மங்கத் தொடங்குகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குறை சாதாரணப் பேச்சின் எல்லைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. தொடக்கத்தில் பெயர் சொல்லி அழைத்தால் சிறுவன் திரும்பிப் பார்ப்பான். ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகளோ அவனுக்குத் தெளிவாக எட்டா. சொல்வதெழுதுதலிற் பிழை மலியும். இதனைக் கவனக்குறைவென்று கொண்டு ஆசிரியர் அவனைக் கடைசிப் பலகைக்கு அனுப்பிவிட்டால், கேட்கும் கொஞ்சமும் கெட்டது!

செவி மங்கும் பிள்ளைகள் அனைவருக்கும் இந்நோய் இராது. காதிற் சீழ் வடிதல் போன்ற காரணங்களே பெரிதும் காணப்படுவன. ஆயினும் இந்நோயுள்ள சிறுவனின் சிறுநீரில், கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் இளமையிலேயே கலந்திருக்கும். மருந்து தோய்த்த காகிதக் கீற்று ஒன்றே அதனைக் காட்டிவிடும். செவியைக் காக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. காது கேட்கும் கருவி நற்பயன் தரும். சிறுநீரகம் செயலிழப்பதையோ, தக்க காலத்தில் மருந்தளித்துப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். கருவியை மாட்டி அனுப்பிவிட்டு அத்துடன் கடமை முடிந்ததென்று இருப்பது இதனாலேயே பெருந்தவறாகும்.

தாய்மாமனுக்கு இளமையிலேயே செவி மந்தமோ சிறுநீரக நோயோ இருந்ததா என்று தாயிடம் வினவுதல் நன்று. பழி சுமத்தும் தொனியில் வினவலாகாது. பரிசோதனை தேவைப்படுபவருள் அவரும் ஒருவர்.

2013-இல் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரீய பால சுவாஸ்திய காரியக்ரம் திட்டப்படி பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மருத்துவக் குழு வருதல் வேண்டும். சென்ற ஆண்டு ‘குறையில்லை’ என்று எழுதப்பட்ட மாணவரையும் மீண்டும் சோதிக்குமாறு ஆசிரியர் கேட்பது மிகையன்று. செவி மங்கிவரும் சிறுவனைக் காது மருத்துவரிடம் அனுப்பும் களப்பணியாளர், அதே சீட்டில் சிறுநீர்ப் பரிசோதனையையும் சேர்த்தெழுதுக.