இரும்புக்கு இடமுண்டு, கல்லுக்கு?

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை சென்று வாருங்கள், தோழர்களே! சாலையின் இருமருங்கும் தொழிற்கூடங்கள். புத்தம்புது மோட்டார் வண்டிகளைச் சுமந்து துறைமுகம் நோக்கி விரையும் நெடிய லாரிகள். வேலை நேரம் மாறுகையில் அலையலையாய் வந்திறங்கும் தொழிலாளர்கள். கண்கொள்ளாக் காட்சிதான், மறுப்பாரில்லை.

அந்த ஒரகடத்திற்கு அருகே வடக்குப்பட்டு என்றொரு சிற்றூர். 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்தனர். கிடைத்தவை எவை? கற்கால மனிதன் செதுக்கிய கருவிகள், கடல் கடந்து வந்த ரோமானியச் சாடிகளின் ஓடுகள், பொன்னணிகள்! இன்று உலகுக்கு வண்டி செய்து அனுப்பும் மண், அன்றே கருவி செய்த மண். கடல்வாணிகம் கண்ட மண். தொழில் இந்த மண்ணுக்குப் புதிதன்று!

இச்செல்வத்தை எங்கே வைப்பது? இக்கேள்விக்கு வரலாறே விடை தருகிறது. சென்னை அருங்காட்சியகம் 1851-இல் ஏறத்தாழ 1,100 கனிமப் பொருள்களோடு ஒரு கல்லூரியின் மாடியில் தொடங்கிற்று. 1854-இல் எழும்பூருக்குப் பெயர்ந்தது. பொருள் பெருகப் பெருக, கட்டடமும் பெருகிற்று. 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த புரூஸ் பூட் திரட்டிய தொகுதியை, 1904-இல் அரசே விலைகொடுத்து வாங்கி அங்கு சேர்த்தது. 1963-இல் செப்புத் திருமேனிகளுக்கெனத் தனிக்கூடம் எழுந்தது. அந்நியன் ஆட்சியிலும் இடம் கிடைத்தது. நம் ஆட்சியிலும் கிடைத்தது.

ஆயினும் அனைத்தையும் தலைநகரில் குவிப்பது ஒன்றே வழியா? கீழடியின் பொருள்களுக்குக் கீழடியிலேயே 2023-இல் அருங்காட்சியகம் எழுந்ததே! அந்த நீதி ஒரகடத்திற்கு ஆகாதா?

“தொழிற்சாலை சோறு போடும், காட்சிசாலை என்ன போடும்?” என்று கேட்பார் உளர். சோறு வேண்டும், முதலில் வேண்டும். ஆனால், சோற்றுக்கு மட்டுமா பிறந்தான் தொழிலாளி? இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்பவனின் மகள், தன் தந்தையின் கைத்திறனுக்குப் பல்லாயிரம் ஆண்டு மரபுண்டு என அறிந்து தலைநிமிர வேண்டாமா? அதை அறிய அவள் எழும்பூருக்குத்தான் பயணப்பட வேண்டுமா?

ஆலை வேண்டாம் என்று சொல்லவில்லை நாம். ஆலைகளுக்கு ஏக்கர் ஏக்கராக நிலம் அளக்கும் சிப்காட், இம்மண்ணின் வரலாற்றுக்கும் ஒரு மனை அளக்கட்டும் என்கிறோம். அடித்தளம் தோண்டுமுன் தொல்லியலார் பார்வையிடட்டும் என்கிறோம். ஆலையை நாளையும் கட்டலாம். அழிந்த சான்றை எந்த ஆலையும் உற்பத்தி செய்து தராது!

இரும்புக்கு இடம் தந்தோம். அதற்கு முன்னோடியான கல்லுக்கும் இடம் தருவோம்!