லிக்விடேட்டரும் தொழிலாளர் பாக்கியும்

ஒரு கம்பெனி கடன் தீர்க்க வகையில்லாமல் முறிந்து போனால், அதன் சாவியை ஒருவர் கையில் ஒப்புவிக்கிறார்கள். அவருக்கு லிக்விடேட்டர் என்று பெயர். சொத்துக்களைக் கைப்பற்றி, மதிப்புப் போடச் செய்து, ஏலத்தில் விற்று, வந்த பணத்தைச் சட்டம் சொல்லும் வரிசைப்படி பங்கிடுவதே அவர் வேலை. அவர் முதலாளிக்கு ஏஜெண்டுமல்ல, பாங்கிக்குக் குமாஸ்தாவுமல்ல. கம்பெனியை முறித்த முதலாளியே பினாமி வைத்துக் குறைந்த விலைக்கு அதை வாங்கிக்கொள்ளாதபடி 2017-ல் ஒரு தடையும் போடப்பட்டது. அது நல்ல காரியந்தான்.

ஆனால் பங்கீட்டு வரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டுகிறோம். 2016-ம் வருஷத்து திவால் சட்டத்தின் 53-வது பிரிவு, முதலில் வழக்குச் செலவையும் லிக்விடேட்டர் கூலியையும் எடுக்கச் சொல்லிற்று. அடுத்து, தொழிலாளிகளின் 24 மாத பாக்கியும், ஈட்டை விட்டுக்கொடுத்த பாங்கிகளின் கடனும் சமமாக நிற்கும். மற்றச் சிப்பந்திகளுக்கு அதற்குக் கீழே 12 மாத பாக்கி. பங்குதாரருக்குக் கடைசியில் மிஞ்சினால் உண்டு.

தொழிலாளிக்குப் பாங்கியோடு சம ஆசனமா என்று சந்தோஷப்பட வேண்டாம். அந்த 24 மாதம், கலைப்பு உத்தரவான நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவதாகவல்லவா எழுதினார்கள்! ஜெட் ஏர்வேஸ் கம்பெனியின் விமானங்கள் 2019 ஏப்ரல் 17-ந் தேதி நின்றன. யாரோ எடுத்து நடத்துவதாகச் சொன்ன திட்டம் 2021-ல் ஒப்புக்கொள்ளப்பட்டும் பயணிகள் சேவை மறுபடி தொடங்கவில்லை. சுப்ரீம் கோர்ட்டு கலைப்பு உத்தரவு போட்டது 2024 நவம்பர் 7-ல். அதற்கு முந்திய 24 மாதத்தில் யார் வேலை செய்தார்கள், யாருக்குச் சம்பளம் ஏறிற்று? வேலை நடந்த காலத்துப் பழைய பாக்கி வரிசையில் கீழே தள்ளப்படுவதற்குத் தொழிலாளி செய்த குற்றம் என்ன? இதற்குள் நின்ற விமானங்களின் விலையும் குறைந்துகொண்டே போகும். செலவுக் கணக்கோ ஏறிக்கொண்டே போகும். இதைத் தலைவிதி என்று சொல்லுகிறவர்களைக் கேட்கிறோம், தலையில் எழுதினவன் 53-வது பிரிவையும் எழுதினானா?

தாமதத்தின் நஷ்டத்தை ஏன் கூலிக்காரன் தலையிலேயே கட்ட வேண்டும்? வேலை நின்ற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே நியாயமென்பது நமது அபிப்பிராயம்.

பிராவிடண்டு பண்டு, பென்ஷன், கிராஜுவிட்டி நிதிப் பணம் லிக்விடேட்டர் பங்கிடும் சொத்தில் சேராது என்பதைத் தோழர்கள் அறிய வேண்டும். மற்றப் பாக்கிக்கு, பத்திரிகை விளம்பரம் கண்டதும், குறித்த கெடுவுக்குள் சம்பளச் சீட்டோடு கோரிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பிரதிநிதியே கொடுக்கலாம். அதற்கு வக்கீல் வேண்டியதில்லை.