வயதைச் சொல்லி வைத்தியத்தை மறுப்பதா?

"எழுபதைத் தாண்டியாயிற்று, இனி எதற்கு அறுவை சிகிச்சை? அல்லாஹ் விட்ட வழி" என்று சொல்லி, விழிதியூரில் நாம் வாப்பாவின் இதய நோயை மூடிவைப்பது தவக்குல் அன்று, அலட்சியம். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்துண்டு என்பது நபிமொழி. அவ்விலக்கு முதுமைக்கே, முதியவரின் இரத்தக்குழாய் அடைப்புக்கு அன்று.

பிரதமராயிருந்த மன்மோகன் சிங் 2009இல், 76 வயதில், இரண்டாம் முறையாக பைபாஸ் செய்துகொண்டு, 2024இல் 92 வயதில்தான் மறைந்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது. வயது ஏற ஏறப் பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் ஆகிய ஆபத்துகள் கூடும். சிறுநீரகம், நுரையீரல், சர்க்கரை, உடல்வலு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் அதைக் கணிப்பார்.

கேட்டறிந்து பெரியவரே முடிவெடுக்கட்டும். 'வேண்டாம்' என்பதும் அவர் உரிமை. அவரைக் கேளாமல் பிள்ளைகள் நாம் கூடிப்பேசி மறுப்பதுதான் அநீதி.